கலங்கல் தாண்டிப் போகும் தண்ணீருக்கும் நீதான் பேச வேண்டும்

தம்பி, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் பொறுப்புக்கு வந்திருக்கிறாய். நம் வேப்பம்பட்டுப் பக்கம் வயலெல்லாம் மனைப்பிரிவாகி வருகிறது. பாய்ச்சத் தண்ணீர் கேட்டு அலைந்த காலம் போய், தேங்கிய தண்ணீரை வடிய வைக்க அலையும் காலம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. மேடை ஏறும் முன் கரை ஏறு. எனக்கு ஏரியைப் பற்றிக் கற்றுத்தந்தவர், ஏரியையும் மதகையும் காவல் காத்த எங்கள் கம்புகட்டி. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மண்வெட்டியும் லாந்தருமாகக் கரையிலேயே கிடப்பார். கரையின் வெளிச்சரிவில் கசியும் நீரை உள்ளங்கையில் ஏந்தி, லாந்தர் வெளிச்சத்தில் உற்றுப் பார்ப்பார். தெளிந்து வந்தால் மேலே நடப்பார். கலங்கி வந்தால் ஊரையே எழுப்பிவிடுவார். உள்ளே மண் அரிக்கிறது என்பது அதற்கு அர்த்தம். அவருக்கு இருந்த அந்தக் கவலை உனக்கும் இருக்க வேண்டும், கண்ணு. மற்றதையெல்லாம் பொறியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

2. கீழூர்க்காரன் இல்லாமல் முடிவெடுக்காதே. நம் போக்குக்கால்வாய்தான் அவனுக்கு வரத்துக்கால்வாய். ஒரு வருஷம் மேலூரில், ஏரி நிரம்பினால் வழிந்தோடும் கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்கினார்கள், கூடுதலாகத் தேக்க. அடைமழை வந்ததும் பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாக அத்தனையையும் பிடுங்கிவிட்டார்கள். விடியும்போது கீழூர் நாற்றங்கால் இருந்த இடம் தெரியவில்லை. இரண்டு ஊரிலும் சங்கம் இருந்தது, பொறுப்பாளர்கள் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளத்தான் ஆளில்லை.

3. அதனால்தான் சங்கங்களுக்கு மேலே ஒரு கூட்டமைப்பு வேண்டும் என்று விடாமல் சொல்கிறேன். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் ஏரி நீர்வளத்துறையுடையது. குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துடையது. புறம்போக்கை அளந்து காட்ட வருவாய்த்துறை வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் போகும் கல்வெர்ட்டுக்கு ரயில்வே. தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேலே ஏரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஊரும் தனித்தனியே மனு எழுதிக்கொண்டிருந்தால் யார் காதில் விழும்? இங்கிலாந்தின் வடிகால் வாரியங்கள் 1937-லேயே தங்களுக்கென ஒரு தேசியச் சங்கம் அமைத்துக்கொண்டன. நெதர்லாந்தில் அதற்கும் பத்து வருஷம் முன்பே நீர் வாரியங்கள் ஒன்றுகூடிவிட்டன. வாய்க்கால் வெட்டுவது அந்தக் கூட்டமைப்புகளின் வேலையில்லை. சட்டம் எழுதும்போது, நிதி ஒதுக்கும்போது, சின்ன வாரியத்தின் அனுபவத்தைத் தலைநகரில் எடுத்துச் சொல்வதே அவற்றின் வேலை. நம் ஏரிகளுக்கும் அப்படி ஒரு குரல் ஓங்கி எழ வேண்டும். அந்த இடத்துக்கு நீ போனால் உன் ஊர் மதகை முதலில் கேட்காதே. கடைமடை ஊருக்காக முதலில் வாய் திற.

4. கணக்கைத் திறந்து வை. உத்திரமேரூரில் சோழர் காலத்திலேயே, 1,100 வருஷம் முன்பு, ஏரி வாரியம் இருந்தது. குடவோலையில் ஆள் எடுத்தார்கள். கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போட மாட்டார்கள்; அவன் நெருங்கிய உறவினர் பெயரையும்தான். தூர்வாரும் காசில் ஒரு ரூபாய்க்குப் பதில் சொல்ல முடியாதவன், ஆக்கிரமிப்பாளன் முன்னால் தலை நிமிர முடியாது.

5. மனை வாங்கிக் குடிவந்தவர்களைப் பகைக்காதே. 2000-ஆம் ஆண்டின் பாசனச் சட்டம் ஆயக்கட்டு நிலக்காரர்களை வைத்துச் சங்கம் அமைத்தது. குடிவந்தவர்களுக்கு அதில் இடமில்லை. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் நினைத்துப் பார். எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டால் அந்தந்த வீட்டுக்காரர்தான் சொல்ல முடியும். ஓட்டு இல்லாவிட்டால் என்ன, கூட்டத்துக்குக் கூப்பிட்டு நாற்காலி போடு. ஆயுள் சேமிப்பைப் போட்டு வீடு கட்டியவர்கள் அவர்கள். ஏரியைத் திருட வந்தவர்கள் இல்லை. வாய்க்காலை மறைத்து மனை விற்றவன் வேறு ஆள். அவனிடம் பேச 2007 ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது.

6. அதிகாரியிடம் கத்தாதே, கெஞ்சவும் செய்யாதே. சர்வே எண், போட்டோ, தேதியோடு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கு. இன்றைய உதவிப் பொறியாளர் நாளைக்கு மாறிப் போவார்; ஃபைல் இங்கேதான் இருக்கும்.

7. புரட்டாசிக்குள் தூர்வாரி முடி. அதற்கப்புறம் சேற்றில் ஜேசிபி இறங்காது. மேலூர், கீழூர் சங்கத்தாருக்கு இந்த வாரமே ஆள் அனுப்பு. தூர்வாரக் கேட்கும் மனு, மூன்று ஊர்க்காரர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டதாகவே போகட்டும்.