கொழுந்து சிவந்தால் யார் மேல் குற்றம்?

"கொழுந்து செவந்து போய் வருது" என்று ஸ்டோரிலிருந்து புகார் வந்தால் மலையில் என்ன நடக்கிறது? கங்காணி கொழுந்து எடுக்கும் பெண்களை ஏசுவார். அவர்கள் லொறி பிந்தியதைச் சொல்வார்கள். லொறிக்காரர் நிறுவை பிந்தியது என்பார். ஏச்சு முடியும், மறுநாளும் சிவந்த கொழுந்துதான் போகும்.

கொழுந்து ஏன் சிவக்கிறது? பறித்த பிறகும் அதற்கு உயிர் உண்டு, அது மூச்சு விடுகிறது. அமுக்கி அடைத்தால் உள்ளே சூடு ஏறும். இலை நசுங்கிச் சாற்றில் காற்றுப் பட்டால், ஸ்டோரில் வாட்டி அரைத்த பிறகு நடக்க வேண்டிய புளிப்பு சாக்குக்குள்ளேயே தொடங்கிவிடும். அந்தத் தூளுக்கு நல்ல விலை கிடைக்காது.

ஜப்பானில் 1962 முதல் தொழிலாளர்கள் சிறு குழுவாகக் கூடி, தங்கள் வேலையில் வரும் குறையைத் தாங்களே ஆராய்ந்து திருத்தினார்கள். இதற்குத் தரவட்டம் என்று பெயர். நாமும் நாலு படியாகச் செய்யலாம்.

1. எண்ணுவோம். ஒரு கிழமைக்கு, சிவந்த கொழுந்துள்ள ஒவ்வொரு சாக்குக்கும் கொப்பியில் ஒரு கோடு. எந்த மலை, எந்த நிறுவை என்றும் குறிப்போம்.

2. பிரிப்போம். 20 கோட்டில் 14 பின்னேர நிறுவையில் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். அதே கைகள் காலையில் எடுத்த கொழுந்து நல்லாத்தானே இருக்கு! அப்ப கையை மட்டும் குத்தம் சொல்ல ஏலாது.

3. ஏன் என்று கேட்போம். சாக்கு ஏன் சூடானது? வெயிலில் கிடந்தது. ஏன் வெயிலில்? நிறுக்கும் இடத்தில் நிழல் இல்லை.

4. ஒன்றை மட்டும் மாற்றுவோம். நாலு தகரம் போட்டு நிழல் செய்து, மறு கிழமையும் எண்ணுவோம். கோடு குறைந்தால் அதையே வழக்கமாக்குவோம். குறையாவிட்டால் அடுத்த காரணம். எல்லாத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

ஒரு முக்கிய விசயம்: கொப்பியில் ஆள் பேர் எழுதக் கூடாது. பேர் எழுதி, கிலோவும் வெட்டினால், பயத்தில் சிவந்த கொழுந்தைச் சாக்கின் அடியில் மறைப்பார்கள். கணக்குப் பொய்யாகிவிடும்.

கூடையில் அமுக்காமல் இருப்பது, சாக்கின் மேல் உட்காராமல் இருப்பது நம்ம பங்கு. போதிய சாக்கு, நிழல், நேரத்துக்கு லொறி நிர்வாகத்தின் பங்கு. கொப்பியைக் காட்டிக் கேட்டால், ஏச்சுக்குப் பதிலாக ஒரு பதில் வரும்.

உங்கள் மலையில் எந்த நிறுவையில் கோடு அதிகம்? இந்தக் கிழமையே எண்ணிப் பாருங்கள்.