தேர் வரும் வீதியும் கணினியின் நினைவகமும்

"சார், கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ரேமைக் கழற்ற முடியுமா?"

பதினொன்றாம் வகுப்பில் இயக்க அமைப்பின் நினைவக மேலாண்மையை நடத்தி முடித்தபோது ஒரு மாணவர் கேட்டார். "முடியாது, கழற்றினால் கணினி நின்றுவிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன். அந்தப் பதில் பாதிதான் சரி என்பது பிறகே உறைத்தது. நம் ஆய்வகக் கணினிக்கு அது பொருந்தும். ஆனால் பெரிய சேவையகங்களிலும் மெய்நிகர் கணினிகளிலும் இயங்கும் லினக்ஸ் கெர்னல், வேலையை நிறுத்தாமலேயே நினைவகத்தைச் சேர்க்கவும் நீக்கவும் வல்லது. அடுத்த வகுப்பில் பதிலைத் திருத்திச் சொன்னேன். அந்தப் பாடத்தை இங்கே பகிர்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை

ஆய்வகத்தில் உள்ள மேசைக் கணினி, மடிக்கணினி எதிலும் மின்சாரம் இருக்கும்போது ரேமைத் தொடக் கூடாது. அவற்றின் தாய்ப்பலகை இதற்காக வடிவமைக்கப்படவில்லை. ரேமும் பலகையும் பழுதாகலாம். கணினியை அணைத்து, மின்இணைப்பைப் பிடுங்கிய பிறகே கழற்ற வேண்டும். இதை மாணவர்கள் திருப்பிச் சொன்ன பின்னரே பாடத்தைத் தொடங்குவது நல்லது.

ஓடும்போதே சேர்த்தல்

ராஜபாளையத்து மாணவர்கள் பலருக்கு நூற்பாலை பழக்கமானது. 1936இல் தொடங்கப்பட்ட ராஜபாளையம் மில்ஸ் முதல் இன்றுவரை ஊரின் பிழைப்பில் பஞ்சும் நூலும் கலந்திருக்கின்றன. ரிங் பிரேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மேலே தீர்ந்துபோன ரோவிங் பாபினை எடுத்துவிட்டுப் புதிய பாபினை மாட்டி இழையை இணைப்பார் தொழிலாளி. இதற்காக மிஷினை நிறுத்துவதில்லை. கெர்னலும் இப்படித்தான் புதிய நினைவகத்தை ஏற்கிறது. இதில் இரண்டு படிகள் உண்டு.

முதல் படி பதிவேடு எழுதுவது. கெர்னல் நினைவகத்தைச் சிறு பக்கங்களாகப் பிரித்துக் கையாள்கிறது. நாம் பயன்படுத்தும் பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4 கிலோபைட். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குறிப்பு எழுதப்படும். 64 பிட் கணினியில் அந்தக் குறிப்பின் அளவு பொதுவாக 64 பைட்.

இரண்டாம் படி அந்த இடத்தைப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடுவது. இதை ஆன்லைன் ஆக்குதல் என்பர். பதிவு முடிந்தும் திறக்கப்படாத நினைவகத்தை எந்த நிரலும் பயன்படுத்த முடியாது.

கணக்குப் பாடத்துக்கும் இது உதவும். 128 மெகாபைட் தொகுதி ஒன்றைச் சேர்க்கிறோம் என்று கொள்வோம்.

128 × 1024 = 1,31,072 கிலோபைட்
1,31,072 ÷ 4 = 32,768 பக்கங்கள்
32,768 × 64 = 20,97,152 பைட் = 2 மெகாபைட்

நினைவகத்தைச் சேர்ப்பதற்கே 64இல் ஒரு பங்கு நினைவகம் செலவாகிறது. 1 ஜிகாபைட் சேர்த்தால் பதிவேட்டுக்கு எவ்வளவு என்று மாணவர்களே கணக்கிடட்டும். விடை 16 மெகாபைட்.

ஓடும்போதே நீக்கல்

சேர்ப்பதைவிட நீக்குவது கடினம். ஏன் என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தை நினைத்துப் பார்க்கச் சொல்லலாம். தேர் வர வேண்டுமானால் வீதி காலியாக வேண்டும். தள்ளுவண்டிக் கடையை வேறு தெருவுக்கு நகர்த்திவிடலாம், அங்கே வியாபாரம் தொடரும். ஆனால் வீதியின் நடுவே யாரோ கான்கிரீட் தூண் ஒன்றை நட்டிருந்தால்? மற்ற எல்லாக் கடைகளும் நகர்ந்தும் பயனில்லை, தேர் வராது.

நிரல்களின் பக்கங்கள் தள்ளுவண்டி போன்றவை. நிரலுக்குத் தெரிவது மெய்நிகர் முகவரி மட்டுமே. பக்கத்தை வேறிடத்துக்கு நகலெடுத்து, பக்க அட்டவணையில் இடத்தை மாற்றி எழுதினால் போதும், நிரல் அறியாமலேயே இயங்கும். கெர்னல் தனக்காக வைத்திருக்கும் தரவுகளில் பெரும்பகுதி கான்கிரீட் தூண் போன்றது. அவற்றை அவை இருக்கும் இடத்தை வைத்தே கெர்னல் அணுகுவதால் எளிதில் நகர்த்த முடியாது. அப்படி ஒரே ஒரு பக்கம் இருந்தாலும் அந்தத் தொகுதி முழுவதையும் நீக்க இயலாது.

இதற்குக் கெர்னல் கண்ட வழி, தேர்வீதியில் தூண் நடவே கூடாது என்ற விதி. பிறகு நீக்க வேண்டிய பகுதியை "நகர்த்தத்தக்க மண்டலம்" என்று முன்பே ஒதுக்கி, நகர்த்தக்கூடிய பக்கங்களை மட்டுமே அங்கு அனுமதிக்கிறது.

வகுப்பறைச் செயல்பாடு

நடுநிலை வகுப்புகளிலும் இதைச் செய்யலாம். நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு இருக்கை. மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். யார் எந்த இருக்கையில் என்பதைக் கரும்பலகையில் எழுதுங்கள். அதுவே பக்க அட்டவணை.

சுற்று 1: 11 மாணவர்கள், அவர்களில் 3 பேர் மூன்றாம் வரிசையில். அந்த வரிசையைக் காலி செய்ய வேண்டும். மற்ற வரிசைகளில் 4 இடம் இருப்பதால் மூவரும் நகரலாம். அட்டவணையைத் திருத்தியபின் "எண் 7" என்று அழையுங்கள். இடம் மாறியும் அதே மாணவர் பதில் சொல்வார்.

சுற்று 2: மூன்றாம் வரிசையில் ஒருவருக்கு "நகரக் கூடாது" என்ற அட்டை. இப்போது வரிசை காலியாகாது.

சுற்று 3: மற்ற வரிசைகள் நிரம்பியுள்ளன. மூவரும் தாழ்வாரத்துக்குப் போகட்டும். இதுவே வட்டில் உள்ள மாற்றிடம். அழைத்தால் வந்து சேர நேரமாகும் என்பதை மாணவர்களே உணர்வார்கள்.

ஆய்வகத்தில் காண

உபுண்டு உள்ள கணினியில் டெர்மினலைத் திறந்து, எல், எஸ், எம், இ, எம் ஆகிய ஐந்து சிறிய எழுத்துகளைச் சேர்த்துத் தட்டச்சு செய்து என்டர் அழுத்துங்கள். நினைவகத் தொகுதிகளின் நிலையும், ஒரு தொகுதியின் அளவும், ஆன்லைனில் உள்ள மொத்த அளவும் தெரியும். இது பார்ப்பதற்கான கட்டளை மட்டுமே, எதையும் மாற்றாது.

இதன் பயன் என்ன?

தேர்வு முடிவு வெளியாகும் காலையில் லட்சக்கணக்கானோர் ஒரே இணையதளத்தைத் திறப்பார்கள். அத்தகைய தளம் இயங்கும் மெய்நிகர் கணினிக்கு அந்தச் சில மணி நேரம் மட்டும் கூடுதல் நினைவகம் கொடுத்து, நெரிசல் குறைந்ததும் திரும்பப் பெற்று வேறு பணிக்குத் தரலாம். இதற்காகத் தளத்தை அணைக்க வேண்டியதில்லை.

மதிப்பீட்டு வினாக்கள்

1. நினைவகத்தைச் சேர்ப்பதைவிட நீக்குவது ஏன் கடினம்?
2. இடம் மாறிய மாணவர் தன் எண்ணுக்குச் சரியாகப் பதில் சொன்னது எப்படி? கணினியில் இதற்கு இணையானது எது?
3. நினைவகம் முழுவதையும் நகர்த்தத்தக்க மண்டலமாக அறிவித்தால் என்ன சிக்கல் வரும்?

மூன்றாம் வினாவுக்கு உடனே விடை சொல்லிவிடாதீர்கள். "ஊரில் எல்லாத் தெருவும் தேர்வீதி என்றால் வீடு எங்கே கட்டுவது?" என்று ஒரு மாணவர் கேட்கும்வரை காத்திருங்கள். கெர்னலுக்கும் குடியிருக்க இடம் வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.