தேன்பெட்டியைத் திறந்து பார்ப்போம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

குமரி மாவட்டத்தில் தை மாதத்தையொட்டி ரப்பர் மரங்கள் தளிர் விடுகின்றன. அவ்விலைக் காம்புகளில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்தே எங்கள் பகுதித் தேனின் பெரும்பகுதி கிடைக்கிறது. அதற்கு முன், ஐப்பசி, கார்த்திகையில் தேனீக் கூட்டம் பெருகும். இதுவே வளர்ச்சிக் காலம்.

இக்காலத்தில் பெட்டியைக் கவனியாவிட்டால் நேர்வதென்ன என்பதை நான் வீட்டிலேயே கண்டேன். ரப்பர் பால் வெட்டும் என் தந்தையிடம் நான்கு பெட்டிகள் உண்டு. தேன் விற்ற பணமே என் கல்லூரிக் கட்டணம். சென்ற மார்கழியில் இரு பெட்டிகளில் கூட்டம் பிரிந்து பறந்தது. மிஞ்சிய தேனீக்களால் தேனறையை நிரப்ப இயலவில்லை. "ராசியில்லாத பெட்டி" என்றார் அப்பா. தேனீயின் வாழ்க்கைச் சுற்றைப் படித்த பின்னரே, மூன்று வாரம் திறந்து பாராததே குறை என்று எனக்கு விளங்கியது.

புது இராணிக்கான அறையில் முட்டையிட்டது முதல் அவ்வறை மூடப்படும் வரை ஏறத்தாழ எட்டு நாட்கள். மூடியதும் பழைய இராணி ஒரு பகுதிக் கூட்டத்துடன் வெளியேறும். எனவே ஏழு நாட்களுக்கு ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

மழையும் காற்றும் இல்லாத காலையில், வாசலை மறைக்காமல் பக்கத்தில் நின்று, சிறிது புகை காட்டித் திறக்க வேண்டும். சட்டத்தை மெல்லத் தூக்கி, வெயில் அறைக்குள் விழுமாறு பிடித்தால் முட்டைகள் தெரியும். முட்டை மூன்று நாட்களில் பொரிந்துவிடும். ஆகவே முட்டை இருந்தால், இராணி கண்ணில் படாவிட்டாலும், மூன்று நாட்களுக்குள் அது அங்கே இருந்தது உறுதி.

அடுத்து அடையின் கீழ் விளிம்பைப் பார்க்க வேண்டும். இராணி அறைகள் அங்கேதான் தொங்கும். அவற்றைக் கிள்ளுவது மட்டும் போதாது. இட நெருக்கடி தீரும்படி புதுச் சட்டம் சேர்க்க வேண்டும். கூட்டம் மிகப் பெரிதாயின், பழைய இராணியைச் சில அடைகளுடன் வேறு பெட்டிக்கு மாற்றி, இங்கே ஓர் இராணி அறையை விட்டுவைக்கலாம்.

புழுக்கள் நீர் நிறைந்த பை போல இறந்து கிடந்தால் அது பைப்புழு நோய். 1991-92 இல் தென்னிந்தியத் தேனீக்களைப் பேரளவில் அழித்த இவ்வைரஸ் நோய்க்கு மருந்தில்லை. அந்த அடைகளை மற்றப் பெட்டிகளுக்கு மாற்றலாகாது.

பள்ளி செல்லாத என் தந்தை, பெட்டியில் காதை வைத்தே கூட்டத்தின் பலத்தைச் சொல்வார். இவ்வாண்டு ஞாயிறுதோறும் அவர் சட்டத்தைத் தூக்க, நான் குறிப்பேட்டில் எழுதுகிறேன். தளிர் விட இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நான்கு பெட்டிகளிலும் முட்டை இருக்கிறது.