கோல் கம்பங்களுக்கு நடுவே ஒருத்தி

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

முன்னுரை

ஹாக்கி ஆட்டம் பார்க்கச் செல்வோர், கோல் போட்டவர் யார் என்று ஆவலுடன் கேட்பர். கோலைத் தடுத்தவர் யார் என்று கேட்போர் மிகச் சிலரே. எங்கள் பள்ளி மைதானத்திலும் இதே கதைதான். ஆவடி வெயிலில் தலைக்கவசமும் கால் காப்பும் மார்புக் காப்பும் அணிந்து நிற்கும் எங்கள் தோழியைச் சிறு வகுப்புப் பிள்ளைகள் "பூதம் வருது!" என்று கேலி செய்வதுண்டு. அவளும் சிரித்துக்கொள்வாள்.

இவ்வாண்டு அவளும் எங்களைப் போலப் பொதுத்தேர்வு எழுதுபவள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், "விளையாடியது போதும், இனிப் படிப்பைப் பார்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவள் கண்கலங்கி நின்ற அன்று, கோல்கீப்பராகவே வாழ்ந்து உயர்ந்த பெண் யாரேனும் நம் நாட்டில் உண்டா என்று நாங்கள் தேடினோம். சவிதா புனியா கிடைத்தார். நாங்கள் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

கோல்கீப்பரின் பணி

ஹாக்கி கோலின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. கல் போன்ற கெட்டியான பந்து அது. பெனால்டி ஸ்ட்ரோக் என்றால் 6.40 மீட்டர் தூரத்திலிருந்து ஒருவர் அடிப்பார். கோல்கீப்பர் தனியாக நின்று தடுக்க வேண்டும். ஆட்டம் சமநிலையில் முடிந்து ஷூட்-அவுட் வந்தால், பந்தோடு ஓடி வருபவருக்கு எட்டு விநாடிகள் உண்டு. அந்த எட்டு விநாடிகளும் கோல்கீப்பருக்குச் சோதனைதான்.

கோல்கீப்பர் ஏன் கோட்டிலேயே நிற்காமல் முன்னே ஓடி வருகிறார் என்று எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. எங்கள் உடற்பயிற்சி ஆசிரியை ஒரு விளக்கைக் கொண்டு விளக்கினார். விளக்குக்கும் சுவருக்கும் இடையே கையை வைத்தால் சுவரில் நிழல் விழும். கை விளக்கை நெருங்க நெருங்க நிழல் பெரிதாகும். பந்தடிப்பவர் விளக்கு, கோல் சுவர், கோல்கீப்பர் கை. முன்னே வந்தால் அவர் மறைக்கும் இடம் பெரிதாகிறது. ஆனால் அளவுக்கு மீறி வந்துவிட்டால், எதிரி அவரைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். எப்போது வருவது, எப்போது நிற்பது என்று அறிவதே இந்தக் கலை.

இளமைப் பருவம்

சவிதா 1990 ஜூலை 11 அன்று, ஹரியானா மாநிலம் சிர்சா மாவட்டத்திலுள்ள ஜோத்கான் என்னும் கிராமத்தில் பிறந்தார். பேத்தி ஹாக்கி ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவருடைய தாத்தா. சிர்சா நகரப் பள்ளியில் சேர்ந்து ஆடத் தொடங்கிய சவிதா, பின்னர் ஹிசாரில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில் பயிற்சி பெற்றார். உயரமான பெண்ணாக இருந்ததால் கோல்கீப்பர் இடம் அவருக்கு அமைந்தது.

தொடக்கத்தில் அவருக்கு ஹாக்கியில் பெரிய நாட்டம் இல்லை. கோல்கீப்பரின் காப்புகளோ விலையும் அதிகம், பாரமும் அதிகம். அந்தப் பெரிய பையுடன் பேருந்தில் ஏறினால் நடத்துநர்கள் முகம் சுளிப்பார்களாம். இதைப் படித்ததும் எங்கள் தோழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பூந்தமல்லியிலிருந்து வரும் பேருந்தில், "இந்த மூட்டைக்கும் ஒரு டிக்கெட் எடும்மா" என்று அவளும் கேட்டிருக்கிறாளே!

எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாத்தா, பேத்தியைப் பற்றிய செய்திகளைத் தாமே படிக்க வேண்டும் என்று முதுமையில் எழுத்துக் கற்றுக்கொண்டாராம். எங்களை மிகவும் நெகிழச் செய்த செய்தி இது.

வெற்றியும் தோல்வியும்

2011-இல் சவிதா இந்திய மகளிர் அணிக்காக ஆடத் தொடங்கினார். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில், 36 ஆண்டுகளுக்குப் பின் நம் மகளிர் அணி பங்கேற்றது. 2017 ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் சீனாவுடன் ஷூட்-அவுட் நடந்தது. 5-4 என்று இந்தியா வென்றது. 2018-இல் அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது.

2021 ஆகஸ்டு 2 அன்று டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதி. எதிரணி ஆஸ்திரேலியா. குர்ஜித் கௌர் 22-ஆவது நிமிடத்தில் ஒரு கோல் போட்டார். அதன் பின் அந்த ஒரு கோலைக் காக்கும் பொறுப்பு சவிதாவின் தோளில். ஆஸ்திரேலியாவுக்கு ஏழு பெனால்டி கார்னர்கள் கிடைத்தும் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. இந்தியா 1-0 என்று வென்று, முதன்முறையாக அரையிறுதிக்குச் சென்று, நான்காம் இடம் பெற்றது. உலக ஹாக்கி சம்மேளனம் தொடர்ந்து மூன்று முறை அவரைச் சிறந்த கோல்கீப்பராகத் தேர்ந்தெடுத்தது.

ஆனால் 2024 ஜனவரியில் ராஞ்சியில் நடந்த தகுதிப் போட்டியில், அவர் தலைமையிலான அணி ஜெர்மனியிடமும் ஜப்பானிடமும் தோற்று, பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தது. அதன் பிறகும் அவர் மட்டையைக் கீழே வைக்கவில்லை.

தொழில்முறை ஆட்டம்

குளிர்நாடுகளில் ஐஸ் ஹாக்கி உண்டு. அங்கும் கோல்கீப்பர் உண்டு. கனடா நாட்டு மானோன் ரேயோம் 1992-இல் ஆண்களின் பெரிய லீக் அணி ஒன்றுக்காக நட்பு ஆட்டத்தில் கோல் காத்தார். அந்நாட்டின் ஆன்-ரெனே டெபியான் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடி, 2022-இல் ஒலிம்பிக் தங்கம் பெற்று, 2024-இல் தொடங்கிய பெண்கள் தொழில்முறை லீக்கில் மான்ட்ரியல் அணியில் சேர்ந்தார். படிப்பும் ஆட்டமும் அங்கே ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன.

நம் நாட்டில் ஆண்களுக்கு ஹாக்கி இந்தியா லீக் 2013-இலேயே வந்தது. பெண்களுக்கோ 2025 ஜனவரியில்தான் ராஞ்சியில் முதன்முதலாக நடந்தது. நான்கு அணிகள் ஆடின. ஏலத்தில் சவிதாவை 20 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது சூர்மா அணி. ஜனவரி 26 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் அந்த அணி ஒடிசா வாரியர்ஸிடம் 2-1 என்று தோற்றது. அந்த லீக் வந்தபோது சவிதாவுக்கு வயது 34. எங்கள் வயதுப் பெண்களுக்கோ கதவு இப்போதே திறந்திருக்கிறது.

தமிழ்நாட்டிலும் விளையாட்டு விடுதிகள் உள்ளன. கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடங்கள் உள்ளன. ரயில்வே பல வீராங்கனைகளுக்கு வேலை தந்திருக்கிறது.

முடிவுரை

பெற்றோர் அஞ்சுவது தவறென்று நாங்கள் சொல்லவில்லை. ஆடுகிற எல்லாரும் சவிதா ஆகிவிட முடியாது, மதிப்பெண்ணும் வேண்டும். ஆனால் அடி வாங்கியும் அசையாமல் நிற்கக் கற்றவள் தேர்வு அறையிலும் கலங்க மாட்டாள் என்று நம்புகிறோம்.

சென்ற மாதம் எங்கள் தோழியின் அம்மா பள்ளிக்கு வந்து சிஸ்டரோடு நெடுநேரம் பேசினார். செவ்வாயும் வெள்ளியும் மாலையில் ஒரு மணி நேரம் ஆட்டம். மற்ற நாள்களில் படிப்பு. மூட்டை பள்ளியிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. போகும்போது அவர் மைதானத்தின் ஓரம் சற்று நின்றார். மகள் ஒரு பந்தைக் காலால் தடுத்து வெளியே தள்ளினாள். "வலிக்கலையா?" என்று அவர் எங்களிடம் கேட்டார்.

"காப்பு இருக்கிறது, ஆன்ட்டி" என்றோம்.