பழைய மோட்டார் சைக்கிளைக் கொடுத்துப் புதியது கொள்ளல்

பண்டமாற்று என்பது நம் நாட்டிற் பழமையானதொரு வணிக முறை. உமணர் தம் உப்பைக் கொடுத்து உழவரிடம் நெல்லைப் பெற்றனர் என்பதைச் சங்க நூல்கள் வாயிலாக அறிகின்றோம். உப்பும் நெல்லும் இருவர் கண்முன்னும் குவிந்து கிடப்பன. ஆதலின் ஏமாற்றத்திற்கு இடம் சிறிது. இக்காலத்து மோட்டார் சைக்கிள் விற்பனை நிலையங்களில் ‘எக்ஸ்சேஞ்ச்’ என வழங்கும் முறையோ பெயரளவில் மட்டுமே பண்டமாற்றாம். உண்மையில் அது பழையதை விற்றலும் புதியதை வாங்கலுமாகிய இரண்டு கிரயங்கள் ஒரே தாளில் எழுதப்படுவதேயாகும். இவ்விரண்டையும் பிரித்தறியாதார் பொருளிழப்பர். சிலபோது அதனினும் பெரிய துன்பத்தையும் எய்துவர். கல்லூரி வாழ்வு முடிந்து ஊதியம் பெறுங்காலத்து நம்மிற் பலரும் செய்யவிருக்கும் காரியமாதலின், இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1. கணக்கு

புதிய வண்டியின் விலை ரூ. 1,10,000 எனக் கொள்வோம். முதற் கடைக்காரர் பழைய வண்டிக்கு ரூ. 38,000 மதிப்பிட்டு, புதியதன் விலையில் ஒன்றும் குறைக்க இயலாதென்கிறார். இரண்டாங் கடைக்காரர் பழையதற்கு ரூ. 33,000 மட்டுமே தருவதாகக் கூறி, புதியதை ரூ. 1,02,000-க்குக் கொடுக்க இசைகிறார். பழைய வண்டியின்மேற் பற்றுடையார் முதற்கடையையே நாடுவர். ஆயின் அங்கே கையிலிருந்து கொடுக்க வேண்டுவது ரூ. 72,000, இரண்டாவதிலோ ரூ. 69,000. குறைத்து மதித்தவரே ரூ. 3,000 மிகுதியாகத் தந்தவராகிறார்.

இனி, பழைய வண்டியைத் தாமே வேறொருவர்க்கு ரூ. 40,000-க்கு விற்று, இரண்டாங் கடையில் அதே விலைக்குப் புதியது வாங்குவோமாயின், ரூ. 62,000 போதும். எஞ்சும் ரூ. 7,000 வாங்குவோரைத் தேடும் அலைச்சலும் காலமும் நீங்குதற்கு நாம் தரும் கூலியாம். அதனைத் தருதல் தவறன்று. தருகின்றோம் என அறியாது தருதலே தவறு. ஆகவே, வரியும் பதிவுக் கட்டணமும் காப்பீடும் உட்படப் புதியதன் விலையை முதலில் எழுத்தில் பெற்று, அதன் பின்னரே பழையதன் பேச்சை எடுத்தல் நன்று.

2. விலை குறைதற்குக் காரணம்

வணிகர் குறைத்து மதிப்பதெல்லாம் வஞ்சனையென்று எண்ணலாகாது. அவர் வண்டியைச் செப்பனிட வேண்டும். விற்குமளவும் முதலை முடக்க வேண்டும். அன்றியும், பதிவு பெற்ற வணிகர் பழைய வண்டியில் தாம் பெறும் விலை வேறுபாட்டின்மேல் 2025 சனவரி முதல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி செலுத்துகின்றனர். புதியதன் விலையும் பழையதைத் தாக்கும். 350 சி.சி. வரையுள்ள புதிய மோட்டார் சைக்கிள்களின் வரி 2025 செப்டம்பர் 22-இல் 28 விழுக்காட்டினின்றும் 18 ஆகக் குறைந்தது; புதியது மலிந்தால் பழையது முன்னை விலைக்கு நில்லாதன்றோ?

இவற்றினும் ஆழ்ந்த காரணமொன்றைப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். பழுதுள்ள காரை அமெரிக்கர் ‘எலுமிச்சை’ என்பர். வண்டியின் உள்ளியல்பு விற்பவர்க்குத் தெரியும், வாங்குபவர்க்குத் தெரியாது. ஆதலின் அவர் நல்லதற்கும் தீயதற்கும் இடைப்பட்ட விலையையே சொல்வார். நல்ல வண்டியுடையார் அவ்விலைக்கு விற்க மனமின்றி விலகுவர். சந்தையில் தீயனவே மிகும். விலை மேலும் இறங்கும். இவ்வாராய்ச்சியின் பொருட்டு அவர் 2001-இல் நோபெல் பரிசை இருவருடன் பகிர்ந்து பெற்றார்.

இதனால் நாம் கொள்ளும் பயன் யாதெனின், நன்மையைச் சொல்லுதல் போதாது, காட்டுதல் வேண்டும் என்பதே. பழுதுபார்த்த ரசீதுகளைத் தொடர்ந்து சேர்த்து வைத்தலும், குளிர்ந்த இயந்திரத்தை அவர் முன்னிலையிலேயே முடுக்கிக் காட்டுதலும் விலையை உயர்த்தும். புகைக்குழாயில் நீலப்புகை தோன்றின் இயந்திரத்தில் எண்ணெய் எரிகின்றதென மதிப்பிடுவோர் நொடியில் உணர்வர்.

3. பெயர் மாற்றம்

பொருளிழப்பினும் பெரிய துன்பம் இங்கேயுள்ளது. வெற்றுப் படிவங்களிற் கையொப்பமிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்ததெனப் பலர் கருதுகின்றனர். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் முன் உடைமையாளர். 2007-இலேயே விற்றுவிட்டதாக ஒருவர் சொன்ன கார், பலர் கைமாறி, 2009-இல் விபத்தை விளைத்தது. பதிவு மாறாமையின் இழப்பீட்டுப் பொறுப்பு அவரையே சாரும் என இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துள் விற்றவர் 14 நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். அதற்குரியது 29-ஆம் படிவம். அரசின் அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் ஒப்படைப்போர்க்கு 2023 ஏப்ரல் 1 முதல் 29-சி என்னும் படிவமும் உண்டு. அதன்வழி அறிவித்தபின் அவ்வணிகரே உடைமையாளராகக் கருதப்படுவார். ஆதலின் கடைக்காரர் அங்கீகாரம் பெற்றவரா என வினவி, அறிவிப்பின் ஒப்புகையைப் பெற்ற பின்னரே சாவியைக் கைவிடுக.

காப்பீட்டில் இழப்பீடு கோராதார்க்குரிய தள்ளுபடி வண்டியைச் சார்ந்ததன்று, ஆளைச் சார்ந்தது. ஐந்தாண்டு கோராதிருந்தார்க்கு அது 50 விழுக்காடு வரை உயரும். காப்பீட்டு நிறுவனத்தாரிடம் சான்று பெற்று அதனைப் புதிய வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். கேளாதார்க்கு இதனைக் கடைக்காரர் நினைவூட்டுவாரென எதிர்பார்த்தலாகாது.

சுருங்கக் கூறின், விலை இரண்டையும் தனித்தனியே பேசுக. வண்டியின் நன்மையைச் சான்றுடன் காட்டுக. பெயர் மாறும்வரை அவ்வண்டி நம்முடையதே என்பதை மறவாதொழிக.