பெண்ணுடலும் நீர்ச் சமநிலையும்

கிழக்கே கடலும் மேற்கே வயலும் களப்பும் எல்லையாக, பெரியநீலாவணை தொடக்கம் பொத்துவில் வரை நீண்டு கிடப்பது அம்பாறைக் கரையோரம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை என்னும் முஸ்லிம் ஊர்களும், பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழ் ஊர்களும் இங்கே அடுத்தடுத்து அமைந்துள்ளன. மாரி பெய்து ஓய்ந்து சில திங்கள் கழிந்ததும், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நிலத்தையும் உடலையும் ஒருங்கே வறட்டத் தொடங்கும். அவ்வெப்பம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆயின், உடல் தன் நீரைப் பேணும் முறை இருபாலார்க்கும் ஒன்றன்று; ஒரே பெண்ணுக்குங்கூட அது வாழ்நாள் முழுவதும் ஒன்றாயிருப்பதில்லை. இவ்வுண்மை நம் வீடுகளில் நன்கு அறியப்படாமையாற் பெண்கள் பலர் வேண்டாத துன்பத்துக்கு ஆளாகின்றனர்.

பழைய மாணவர் மலரிற் பெண்ணுடல் பற்றிய பாடம் எதற்கு என வினவுவார் உளராகலாம். இம்மலரைப் படிப்போர் தந்தையராகவும், கணவராகவும், மைந்தராகவும், ஆசிரியராகவும், அதிபராகவும் விளங்குகின்றனர். பிள்ளை பெற்றவளுக்கு எதைக் கொடுப்பது, பாடசாலையில் எத்தனை மலசலகூடம் கட்டுவது என்பன போன்ற முடிவுகளில் இவர்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆதலின் இப்பாடம் அவர்களுக்கே முதலில் உரியதென்பது எமது துணிபு.

நீரைக் காக்கும் ஓமோன்கள்

வளர்ந்த ஆணின் உடல் நிறையில் ஏறத்தாழ 60 வீதம் நீராகும். பெண்ணுடலில் அது 50 முதல் 55 வீதமே. தசையில் நீர் மிகுதி, கொழுப்பிற் குறைவு. பெண்ணுடலிற் கொழுப்பின் பங்கு இயல்பாகவே கூடியதாதலின் நீரின் பங்கு குறைகின்றது. எனவே ஒரே நிறையுடைய ஆணும் பெண்ணும் ஒரே அளவு நீரை இழப்பின், பெண்ணின் இருப்பிலேயே குறைவு கூடுதலாகத் தோன்றும்.

இவ்விருப்பைக் காப்பன ஓமோன்கள். ஓரிடத்திற் சுரந்து, குருதி வழியே சென்று, வேறோரிடத்துக்கு ஆணையிடும் பொருள்களுக்கு இப்பெயரை 1905 ஆம் ஆண்டில் வழங்கியவர் ஆங்கில உடற்றொழிலியல் அறிஞர் ஏர்னஸ்ற் ஸ்டார்லிங். மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் என்னும் பகுதி குருதியின் செறிவை இடையறாது அளந்துகொண்டிருக்கின்றது. அச்செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாற் போதும், தாகம் எழும், கபச்சுரப்பியிலிருந்து வசோபிரெசின் என்னும் ஓமோன் வெளிப்படும். அது சிறுநீரகத்தை அடைந்து, சிறுநீராய்ப் போகவேண்டிய நீரை மீட்டுக் குருதியிற் சேர்க்கும். சிறுநீரகத்தின் மேலமைந்த சுரப்பியிலிருந்து வரும் அல்டொஸ்தெரோன் உப்பைக் காக்கும். உப்பு நிற்குமிடத்தில் நீரும் நிற்கும்.

இதனை நம்மூர் வழக்கில் விளக்குவாம். குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து மதகை அடைப்பவரும் திறப்பவரும் வட்டை விதானையார். உடலென்னும் குளத்துக்கு வசோபிரெசினே வட்டை விதானை. எந்தக் கோட்டுக்கு நீர் இறங்கினால் மதகை அடைப்பது என்று ஒரு குறி வேண்டுமல்லவா? ஆணின் உடலில் அக்குறி பெரும்பாலும் ஓரிடத்திலேயே நிற்கும். பெண்ணின் உடலிலோ சூலகத்தில் உண்டாகும் ஈஸ்திரோசன், புரோசெஸ்தரோன் என்னும் இரு ஓமோன்கள் அக்குறியை ஏற்றியும் இறக்கியும் வைக்கின்றன. நாம் சொல்ல வந்ததன் சாரம் இதுவே.

பூப்பும் மாதச் சுழற்சியும்

பெண்பிள்ளை பூப்பெய்துங் காலத்தில் ஈஸ்திரோசன் பெருகுகின்றது. அது வசோபிரெசினும் தாகமும் முன்னதாகவே எழும்படி செய்யும். மாதச் சுழற்சியின் பிற்பாதியிற் புரோசெஸ்தரோன் ஓங்கி நிற்கும். அப்போது உடல் வெப்பம் 0.3 முதல் 0.5 பாகை செல்சியஸ் வரை உயரும். வியர்வை சற்று உயர்ந்த வெப்பத்திலேயே தொடங்கும். புரோசெஸ்தரோன் அல்டொஸ்தெரோனின் வேலையைத் தடுப்பதால் உப்பு வெளியேறும். அதனை ஈடுசெய்ய உடல் மேலும் அல்டொஸ்தெரோனைச் சுரக்கும். மாதவிடாய்க்கு முந்திய நாள்களிற் சிலருக்கு உடல் கனப்பதும், வயிறு உப்புவதும், மார்பு நோவதும் ஓமோன்களின் இவ்வேற்ற இறக்கத்தோடு தொடர்புடையன. இவற்றைக் கண்டு நீரைக் குறைத்தல் தவறு. உப்பைக் குறைத்து, நீரை வழக்கம்போற் பருகுதலே தக்கது.

இப்பருவத்திற் பெரிய இடர் ஓமோனால் வருவதன்று, பாடசாலையால் வருவது. மலசலகூடம் போதாத இடங்களில், அல்லது இருந்தும் நீரும் தாழ்ப்பாளும் இல்லாத இடங்களில், மாணவியர் காலை முதல் பிற்பகல் வரை நீர் அருந்தாமலும் சிறுநீரை அடக்கியும் இருந்து பழகிவிடுகின்றனர். பெண்ணின் சிறுநீர் வழி குறுகியதாதலின் கிருமிகள் எளிதிற் சிறுநீர்ப்பையை அடையும். நீர் குறைந்தால் அவற்றைக் கழுவி வெளியேற்றும் ஒழுக்கும் குறையும். அடிக்கடி சிறுநீர்த் தொற்றுக்கு ஆளான 140 பெண்களிடையே நடத்தப்பெற்று 2018 இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்தோறும் ஒன்றரை இலீற்றர் நீரை மேலதிகமாக அருந்தியோர்க்கு ஓராண்டில் சராசரி 1.7 முறையும், அவ்வாறு அருந்தாதோர்க்கு 3.2 முறையும் நோய் கண்டது. மருந்தின்றி, வெறும் நீரினால் நோய் ஏறத்தாழப் பாதியாயிற்று. பாடசாலைக்கு மண்டபம் கட்ட நிதி திரட்டும் பழைய மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.

கருவுற்ற காலம்

கருவுற்றவுடன் குறி பெரிதும் இடம்பெயர்கின்றது. ஜோன் டேவிசன், மார்ஷல் லிண்ட்ஹைமர் முதலியோர் 1984 இல் வெளியிட்ட ஆய்வு, கருப்பிணிக்குத் தாகமும் வசோபிரெசினும் குருதி நன்கு நீர்த்திருக்கும் நிலையிலேயே எழுவதைக் காட்டிற்று. அக்காலத்திற் குருதியின் செறிவு நூற்றுக்கு மூன்று முதல் நான்கு பங்கு குறைந்த நிலையில் நிற்கும். குருதியின் திரவப் பகுதி 40 முதல் 50 வீதம் பெருகும். மகப்பேற்றுக் காலம் நெருங்கும்போது உடலில் 6 முதல் 8 இலீற்றர் நீர் மேலதிகமாய்ச் சேர்ந்திருக்கும். இது நோயன்று, கருவிலிருக்கும் சிசுவுக்கும், சூல்வித்தகத்துக்கும், பேற்றின்போது இழக்கப்போகும் குருதிக்குமாக இயற்கை சேர்த்துவைக்கும் முதல்.

"காலில் நீர் பிடித்திருக்கிறது, தண்ணீரைக் குறை" என்று மூத்தோர் சொல்வதுண்டு. கால் வீக்கத்திலுள்ள நீர் குருதிக் குழாய்களுக்கு வெளியே நிற்பது. குடிக்கும் நீரைக் குறைப்பதால் அவ்வீக்கம் தீராது, குருதியோட்டமே குன்றும். ஆயின் முகமும் கையும் திடீரென வீங்கி, கடுந்தலையிடியும் பார்வை மங்கலும் சேருமாயின், அது உயர் குருதியமுக்க நோயாகலாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். முதல் மாதங்களில் ஓயாத வாந்தியால் நீர் இழக்கும் பெண்ணுக்குச் சிறிது சிறிதாக அடிக்கடி பருகக் கொடுத்தல் நன்று. எதுவுமே தங்காவிடின் வீட்டில் வைத்துப் பார்த்தல் ஆகாது.

நீரின் அளவைப் போலவே அதன் தன்மையும் இங்குக் கவனிக்கத்தக்கது. கரையோர மணலில் மழைநீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாகவே மிதந்து நிற்கின்றது. மிகுதியாக இறைத்தால் உவர் மேலெழும். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையின் கிணறுகளை உவர்ப்பாக்கியதை எவரும் மறவார். வங்காளதேசக் கரையோரத்தில் நடந்த ஆய்வுகள், உவர்நீர் பருகிய கருப்பிணிகளிடையே உயர் குருதியமுக்கம் மிகுந்திருந்ததைக் காட்டியுள்ளன. ஆகவே கருப்பிணியிருக்கும் வீட்டிற் கிணற்று நீர் உவர்க்குமாயின், குழாய்நீரையோ வேறு நன்னீரையோ அவளுக்கென ஒதுக்கி வைத்தல் கடன்.

பாலூட்டுங் காலம்

தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 வீதம் நீர். தாய்ப்பால் மட்டுமே அருந்தும் குழந்தைக்கு ஒருத்தி நாளொன்றுக்கு 750 முதல் 800 மில்லிலீற்றர் வரை பால் சுரக்கின்றாள். பாலை வெளியே செலுத்துவது ஒட்சிற்றோசின் என்னும் ஓமோன். அது வசோபிரெசினுக்கு உடன்பிறப்புப் போன்றது. இரண்டும் ஒன்பது அமினோ அமிலங்களாலானவை. இரண்டு அமிலங்களில் மட்டுமே வேறுபடுவன. இவற்றின் அமைப்பைக் கண்டு செயற்கையாக ஆக்கிய வின்சென்ற் டு விக்னோ 1955 இல் நோபெல் பரிசு பெற்றார். குழந்தை மார்பில் வாய்வைத்த மறுகணமே தாய்க்குத் தொண்டை வறள்வதும் தாகமெடுப்பதும் இவ்வோமோனோடு தொடர்புடையன. அது இயற்கை தரும் கட்டளை.

இவ்வேளையிலேயே நம் வழக்கம் குறுக்கே நிற்கின்றது. தமிழ் ஊரிலும் முஸ்லிம் ஊரிலும் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் உண்டு. சரக்குக் கறியையும் காயத்தையும் நாம் குறைகூறவில்லை. அவை அவளைத் தேற்றும். ஆனால் "தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று அவளுக்கு நீரை அளந்து கொடுப்பது ஆதாரமற்றது. பேற்றுக்குப் பின் சில நாள்களுக்கு, சேர்த்துவைத்த நீரை உடல் வியர்வையாகவும் சிறுநீராகவும் தானே வெளியேற்றும். அதற்குமேற் பாலும் சுரக்கவேண்டும். நீரை மறுத்தால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் சோர்வும் வரும். தாகத்துக்கு மிஞ்சிக் குடிப்பதாற் பால் பெருகும் என்பதற்கும் சான்றில்லை. தாகத்துக்கு மறுக்காது கொடுத்தலே வேண்டுவது. பச்சைத் தண்ணீர் கொடுக்க மனமொப்பாத உம்மம்மாவும் அம்மம்மாவும் கொதித்தாறிய நீரையோ, மல்லித் தண்ணீரையோ, கஞ்சியையோ தாராளமாய்க் கொடுக்கலாம். வழக்கமும் நிற்கும், தாயும் பிழைப்பாள்.

மாதவிடாய் நின்ற பின்

50 வயதையொட்டி மாதவிடாய் நிற்கும். அதற்கு முன்பின்னான சில ஆண்டுகளிற் பலருக்கு உடலெங்கும் திடீரென அனல் பாயும். இரவில் உடை நனைய வியர்க்கும். இவ்வாறு இழக்கும் நீரை ஈடுசெய்தல் வேண்டும். அதனினும் பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. ஈஸ்திரோசன் குன்றவே குறி மீண்டும் இடம்பெயர்கின்றது. யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நினா ஸ்டாகன்பெல்ட் முதலியோர் 1998 இல் வெளியிட்ட ஆய்வில், இப்பருவப் பெண்களுக்கு ஈஸ்திரோசனைக் கொடுத்தபோது வசோபிரெசின் மீண்டும் முன்னதாகவே எழுந்தது. மாற்றத்தில் ஓமோனுக்குப் பங்குண்டு என்பது இதனாற் பெறப்படும். இதனோடு முதுமையும் சேர்கின்றது. தாகவுணர்ச்சி மழுங்கும்; நீரை மீட்கும் ஆற்றல் சிறுநீரகத்திற் குறையும். உடல் வற்றியிருந்தும் "எனக்குத் தாகமில்லை" என்று மூதாட்டி சொல்வது பொய்யன்று. அவளுடைய அளவுகோலே தேய்ந்துவிட்டது.

வெளியே சென்றால் அடக்க இயலாதென அஞ்சி நீரைத் தவிர்க்கும் மூதாட்டியரும் பலர். செறிந்த சிறுநீர் பையை மேலும் உறுத்துமேயன்றி ஆற்றாது. தலைசுற்றி விழுதல், தடுமாறிப் பேசுதல், சிறுநீர் கடுத்து மஞ்சளாதல் என்பன கண்டால், முதலில் நீர்க்குறைவை நினைத்தல் வேண்டும். வீட்டிலுள்ளோர் வேளைதோறும் தாமே ஒரு குவளை நீட்டுதல் நன்று.

நோன்பும் விரதமும்

ரமழான் மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னோக்கி நகர்வதால், சிற்சில ஆண்டுகளிற் கச்சான் வீசும் நாள்களிலும் வரும். நம் அகலக்கோட்டில் நோன்பு ஏறத்தாழ 13 மணிநேரம் நீடிக்கும். மாதவிடாய் நாள்களிற் பெண் நோன்பு நோற்பதில்லை. பின்னர் கழாச் செய்வாள். கருப்பிணியும் பாலூட்டுபவளும் தமக்கோ பிள்ளைக்கோ தீங்கு நேருமென அஞ்சினாற் பிற்போட இடமுண்டு. மார்க்கம் தந்த இச்சலுகை உடலியலோடு எத்துணை இசைந்து நிற்கின்றது! நோன்பு நோற்போர் இரவில் நீரை ஒரே மூச்சிற் குடியாது, நோன்பு திறந்தது முதல் ஸஹர் வரை பகிர்ந்து பருகுதல் வேண்டும். கந்தசஷ்டியில் நீரும் அருந்தாது விரதமிருக்கும் தாய்மாருக்கும் இந்நியாயம் பொருந்தும்.

எவ்வளவு பருகுவது?

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2010 இல் வகுத்தபடி, உணவிலுள்ள நீரையும் சேர்த்து, பெண்ணுக்கு நாளொன்றுக்கு 2 இலீற்றரும், கருப்பிணிக்கு 2.3 இலீற்றரும், பாலூட்டுபவளுக்கு 2.7 இலீற்றரும் போதிய அளவாகும். இது மிதமான தட்பவெப்பத்துக்கு உரியது. வெயிலில் வயல் வேலை செய்பவளுக்கும், அடுப்படியிலோ தறியிலோ நாள் முழுதும் நிற்பவளுக்கும் இதனினும் மிகுதி வேண்டும். தேநீரும் கஞ்சியும் கணக்கிற் சேரும். வயிற்றோட்டத்துக்கு வெறும் நீர் போதாது. ஜீவனி கொடுத்தல் வேண்டும். அளவிறந்து குடித்தலும் குருதியின் உப்பைக் குறைத்துத் தீங்கு விளைக்கும். இதயநோய், சிறுநீரக நோய் உடையோர் வைத்தியர் வகுத்த அளவையே கொள்க. மற்றையோர்க்குச் சிறுநீர் வெளிர்மஞ்சளாயிருத்தலே எளிய சான்று.

தாகம் நல்ல வழிகாட்டி. ஆயினும் எப்பருவத்திலும் ஒரே குரலிற் பேசும் வழிகாட்டியன்று. கருவுற்றவளிடம் அது முந்திப் பேசும். பாலூட்டுபவளிடம் உரத்துப் பேசும். மூதாட்டியிடம் வாய் திறவாது. பேசும்போது அதனைத் தடாதிருத்தலும், பேசாதபோது நாமே நினைவூட்டலும் வீட்டாரின் கடமை. 1926 இல் களுத்துறையிற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள்முதல், வீடு தேடி வந்து தாய்மாரைப் பேணும் குடும்பநல மாதர் இந்நாட்டுக்கு வாய்த்துள்ளனர். அவர் சொல்லுக்கு வீட்டில் இடமளிப்போம். பாடசாலையில் நீரும் மறைவிடமும், பேற்றறையில் ஒரு செம்பு நீரும், முதியவளின் பாயருகே ஒரு குவளையும் வைப்போம். கற்ற கல்விக்கு இதனினும் எளிய பயன் வேறில்லை.