வாயில்லா ஜீவன்கள் மீது சோதனை: ஷரீஅத் கூறுவது என்ன?

பாம்பு தீண்டியவருக்கு ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு ஊசி எப்படி உண்டாகிறது? முன்பு நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்த வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் விஷம் எடுக்கிறார்கள். அது சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றப்படுகிறது. அதன் இரத்தத்திலிருந்து மருந்து பிறக்கிறது. மருந்தின் வீரியத்தை எலிகளிடம் சோதிக்கிறார்கள். மனித உயிரைக் காக்கும் இந்த நிர்ப்பந்தத்தை ஷரீஅத் மறுக்காது.

உதட்டுச் சாயத்துக்காக முயலின் கண்ணை நோகடிப்பதில் என்ன நிர்ப்பந்தம்? பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதியை புகாரி ஷரீபில் ஓதியிருக்கிறோமே! உயிருள்ள பிராணியை அம்புக்குக் குறியாக வைப்பதையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள்.

மக்களின் எதிர்ப்பு வலுத்து, 2014-ல் அழகுப் பொருள்களுக்கான மிருகச் சோதனை இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. மற்ற ஆராய்ச்சிகளுக்கு, 1998-ம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வுக்கூடம் பதிவு பெறவேண்டும்; மேற்பார்வைக் குழுவின் அனுமதியும் வேண்டும்.

ஜீவகாருண்யப் பேச்செல்லாம் குர்பானிக்கு விரோதம் என்று நம்மவர்களில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியால் பிறந்த 1960-ம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 28-ம் பிரிவை அவர்கள் பார்க்கட்டும். மார்க்க முறைப்படி அறுப்பதை அச்சட்டம் குற்றமாக்கவில்லை.